மண்டபம் முகாமும் மலைநாட்டுப் பயணமும்

இலங்கை மலைநாட்டின் கொஸ்லந்த, ஹல்துமுல்ல பகுதித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் எல்லையில் முதலில் சந்தித்தவர் மருத்துவ அதிகாரி. 19ஆம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்தவர்களில் பெருந்தொகையினர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியாயினர். 1890களின் பிற்பகுதியில் இந்தியாவில் பிளேக் பரவியதும் மருத்துவச் சோதனைகளில் கெடுபிடி கூடியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கிய பின், இராமநாதபுரம் சீமையிலுள்ள மண்டபம் முகாமே முக்கிய வாயிலாயிற்று. இந்திய மண்ணில் இருந்தாலும் அம்முகாமை நடத்தியது இலங்கை அரசு.

அங்கே ஆள்கள் சில நாள்கள் தடுத்து வைக்கப்பட்டனர். துணிமணிகள் கிருமிநீக்கத்துக்குப் போயின, அம்மை குத்தப்பட்டது, கொக்கிப்புழுவுக்கு மருந்து புகட்டப்பட்டது. ஒவ்வொருவரும் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதை எண் பொறித்த தகரத் துண்டு காட்டியது. பின்னர் கப்பலேறி, ரயிலில் ஹப்புத்தளை வந்து, மலைப்பாதையில் கொஸ்லந்தைக்கு இறங்கினர்.

1939இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. இத்தொழிலாளர்கள் குறித்து இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், தாயகம் திரும்பியோர் அதே மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு வெவ்வேறு மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். பிற்காலத்தில் அது ஈழ அகதிகளின் முகாமாயிற்று.

தோட்டங்களுக்குச் சென்றோர்மீது நடத்தப்பட்ட மருத்துவச் சோதனைகள் கொள்ளைநோயைத் தடுக்க உதவின என்பது உண்மை. ஆயினும் மருந்தை ஏற்பதா மறுப்பதா என்ற உரிமை தொழிலாளிக்கு இருக்கவில்லை. அவர் நோயாளியாக அன்று, தோட்டத்துக்குத் தேவையான உழைப்பாகவே நடத்தப்பட்டார்.