பிச்சாவரம்: காட்டை வெட்டியது யார்?

பிச்சாவரம் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: மோட்டார் படகு வேண்டாம். அது அகலமான கால்வாயில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். துடுப்புப் படகு எடுங்கள், கயாக் கிடைத்தால் இன்னும் நல்லது. தலைக்கு மேல் சுரபுன்னைக் கிளைகள் மூடிக்கொள்ளும் சந்துகளுக்குள் அதுதான் நுழையும். சத்தம் இல்லாததால் மீன்கொத்தி நம்மைக் கண்டுகொள்ளாது. வேரில் நண்டு ஏறுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். கொடுத்து வைத்திருந்தால் நீர்நாய்கூட தட்டுப்படும்.

போன முறை எங்களுக்குத் துடுப்பு போட்ட அண்ணன், மரங்கள் விலகிய ஒரு இடத்தில் கையைக் காட்டி, “அந்தாண்ட நேரா போவுது பாருங்க, அது தானா ஓடுன வாய்க்கா இல்ல. ஆளு வெச்சி வெட்டுனது” என்றார். எதுக்கு வெட்டுனாங்க என்று கேட்டேன். “காடு திரும்ப வரணும்னுதான்.”

மண்ணை வெட்டினால் காடு எப்படி வரும்? வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டும் கடலில் சேரும் இடத்துக்கு நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் சதுப்பு. பக்கத்து ஊர் சிதம்பரம். அதன் பழைய பெயர் தில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தில்லை ஒரு மரம், அதுவும் அலையாத்திக் காட்டு மரம் என்பது பலருக்குத் தெரியாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, அதனால் படகுக்காரர்கள் கிளையைத் தொடவே விடமாட்டார்கள். அலை தினமும் ஏறும் சேற்றை விட, எப்போதாவது எட்டிப் பார்க்கும் உள்பக்கத்து விளிம்பில்தான் அது அதிகம் வளரும். அப்பரும் சம்பந்தரும் பாடிய தில்லை அப்படி ஒரு விளிம்பில் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். இன்று ஊரில் பெயர் மட்டும் இருக்கிறது. மரத்தைப் பார்க்க பிச்சாவரம்தான் போக வேண்டும்.

சரி, வெட்டிய கதைக்கு வருவோம்.

பிரிட்டிஷ் காலத்திலேயே இந்தக் காட்டுக்கு ‘கூப்பு’ முறை வந்துவிட்டது. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் உள்ள மரங்களை மொத்தமாக வெட்டி விற்பது, பிறகு அடுத்த துண்டு. கடைசித் துண்டு முடிவதற்குள் முதல் துண்டு மறுபடி வளர்ந்துவிடும் என்பது கணக்கு. மலைக்காட்டில் ஓரளவு பலித்த கணக்கு இது. சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருஷம் இதே முறையில்தான் வெட்டினார்கள். ஆனால் மரம் திரும்ப வளரவில்லை.

காரணம் என்ன? ‘ஊர்க்காரன் மாட்டை விட்டு மேய்த்தான், விறகு வெட்டினான்’ என்றுதான் வெகுகாலம் சொல்லப்பட்டது. மாடு மேய்ந்தது உண்மைதான், விறகு எடுத்ததும் உண்மைதான். ஆனால் ஒரு மரம்கூட இல்லாமல் வழுக்கையாகிப்போன பெரிய பெரிய திட்டுகளுக்கு அது விளக்கமே இல்லை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் கண்டுபிடித்த விளக்கம் எளிமையானது. அலையாத்தி மண் ஈரத்தில் ஊறிய, மக்கிய இலை நிறைந்த மண். நிழல் கொடுத்த மரங்களை மொத்தமாக எடுத்ததும் வெயில் நேராக அடிக்கிறது. ஈரம் வற்றுகிறது, மண் உள்வாங்குகிறது, வெட்டிய துண்டு ஒரு தட்டு மாதிரி குழிந்துவிடுகிறது. ஓதத்தில் வந்த உப்புத்தண்ணீர் வடிய வழியில்லாமல் அந்தத் தட்டிலேயே நின்று காய்கிறது. மறுபடி வருகிறது, மறுபடி காய்கிறது. கொஞ்ச வருஷத்தில் அது உப்பளம்தான். அலையாத்தி உப்பைத் தாங்கும் மரமே தவிர, உப்பில் வாழ ஆசைப்படும் மரம் இல்லை. காவிரியில் நல்ல தண்ணீர் குறைந்ததும் சேர்ந்துகொண்டது.

அதாவது காட்டைக் காப்பாற்றி நிர்வகிக்கிறோம் என்று போட்ட திட்டமே காட்டை அழித்திருக்கிறது. பழி மாடு மேய்த்தவன் மேல்.

நோய் புரிந்ததும் வைத்தியம் சுலபமாகத் தெரிந்தது: தண்ணீர் வந்து போக வழி செய். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதம் உள்ளே வந்து உப்பைக் கழுவிக்கொண்டு திரும்பும். உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல் கன்றுகளை வாய்க்கால் கரையில் நட்டார்கள். வெட்டியது, நட்டது, சேறு தூர்த்தபோது அள்ளியது எல்லாம் சுற்றுக் கிராமத்து ஆட்கள். வனத்துறையும் கூட நின்றது, இதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 1986க்கும் 2002க்கும் இடையில் மரப்பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியதை செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

பிறகு 2004 டிசம்பர் 26. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வுகள் வந்தன. கடலிலிருந்து இருந்த தூரமும் தரை உயரமும்தான் முக்கியக் காரணம் என்று சிலர் அந்தக் கணக்கை மறுத்தும் எழுதினார்கள். மறுப்பில் விஷயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. காட்டுக்குள் இருக்கும் ஊர் கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கும்? ஆனாலும் பிச்சாவரம் என்ற பெயர் வெளியுலகத்தில் பரவியதில் சுனாமிக்குப் பெரிய பங்கு. 2022இல் ராம்சார் பட்டியலிலும் ஏறியது.

தமிழ்நாட்டில் அதற்கு முன்பே அது பிரபலம். 1975இல் வந்த ‘இதயக்கனி’ படத்தில் எம்.ஜி.ஆர். படகில் போவது இங்கேதான். பக்கத்தில் எம்.ஜி.ஆர். நகர் என்றே ஒரு ஊர் இருக்கிறது, இருளர்கள் வாழும் ஊர். இங்கத்திய இருளர்கள் வலை, படகு எதுவும் இல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வேர்களுக்கு நடுவே கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். பெண்களும்தான். காடு மொட்டையானபோது முதலில் வயிறு காய்ந்திருக்கக்கூடியவர்கள் அவர்கள். வாய்க்கால் வெட்டும் வேலையில் அந்த ஊரும் இருந்தது.

செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து பிச்சாவரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தானாக ஓடும் ஓடை பாம்பு மாதிரி வளையும். வளையாமல் முள் முள்ளாகக் கிளை பிரிந்து போவது கண்ணில் பட்டால், அது அண்ணன் கையைக் காட்டிய வாய்க்கால்.