அல்லி என்னும் சிறுமி

1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னையிலிருந்து தெலுங்கில் 'சந்தமாமா'வும் தமிழில் 'அம்புலிமாமா'வும் வெளிவரத் தொடங்கின. ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் அம்புலிமாமாவைப் படித்தபோது, அடுத்த வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகள் அதே படங்களைத் தம் மொழியில் பார்த்துக் கொண்டிருந்தனர். மந்திரவாதிகளும் மாயக் குகைகளும் நிறைந்த அத்தொடர்கதைகளில் வாளேந்தி முன் சென்றவர்கள் பெரும்பாலும் இளைஞர்களே. ஒரு சிறுமி முன்னே செல்ல, மற்றவர் பின்தொடரும் கதை நம்மிடம் இல்லையோ என்ற ஐயம் பெண் குழந்தைகளைப் பெற்றோர்க்கு எழுவது இயல்பு. அச்சு இதழ்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அத்தகைய மாயக்கதைத் தொடர் ஒன்று நம் பாட்டிமார் நாவில் வழங்கி வந்தது. அதன் தலைவி அல்லி.

அல்லி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஆண்களை வெறுத்த அரசியும், அவளை மணக்கப் பாம்பாய் வந்த அர்ச்சுனனுமே. ஆனால் 'அல்லியரசானி மாலை' அங்கே தொடங்குவதில்லை. பிள்ளையில்லாப் பாண்டியன் தவமிருக்கிறான். அல்லி மலரின்மீது ஒரு பெண் குழந்தையைக் காண்கிறான். மலரின் பெயரையே அதற்குச் சூட்டி வளர்க்கிறான். குழந்தை குருகுலம் செல்கிறாள். எழுத்தும் எண்ணும் மட்டுமன்றி வில்லும் வாளும் பயில்கிறாள். அக்காலத்தில் மதுரையைக் கைப்பற்றிக் கொடுங்கோல் செலுத்துகிறான் நீண்முகன் என்பவன். அவனுடைய அநீதி சிறுமியின் செவிக்கு எட்டுகிறது. அவள் படை திரட்டிச் சென்று நீண்முகனை வென்று, மதுரையில் முடிசூடிக் கொள்கிறாள். மணமாலை ஏறாத கழுத்தோடு, எவருடைய துணையும் வேண்டாது, தன் கல்வியும் துணிவுமே முதலாகக் கொண்டு அவள் அரியணை ஏறுகிறாள் என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அவளுடைய அரண்மனையில் காவலும் அமைச்சும் படைத்தலைமையும் பெண்களிடமே இருந்தன.

இக்கதை ஒரு நூலோடு முடிந்துவிடவில்லை. அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் வேண்டுமென்று அழ, பவளம் தேடிச் சென்ற அர்ச்சுனன் பவளக்கொடியை மணந்து கொண்ட வரலாற்றைச் சொல்வது 'பவளக்கொடி மாலை'. துரியோதனனின் செருக்கை அல்லி அடக்கிய கதை 'ஏணியேற்றம்'. புலந்திரன் வளர்ந்தபின் நிகழ்ந்தவை 'புலந்திரன் களவு மாலை'. இன்றைய பதிப்பகத்தார் 'தொடர்' என்று எதனைக் கூறுகின்றனரோ, அதனையே நம் முன்னோர் மாலை மாலையாகத் தொடுத்து வைத்தனர்.

இவற்றை நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவர் தலையில் ஏற்றி வைத்தது மரபு. வெண்பாவில் வல்ல அப்புலவரின் நடைக்கும் பேச்சு வழக்கு மலிந்த இம்மாலைகளின் நடைக்கும் உள்ள தொலைவை நோக்குவோர் அதனை ஏற்பதில்லை. பெயர் தெரியாத நாட்டுப்புறப் பாவலர்கள் பலர் பிற்காலத்தில் பாடியவை இவை என்பதே பொருந்தும். சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் போன்ற பதிப்பாளர்கள் இவற்றைப் 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களாக வெளியிட்டனர். மங்கிய கண்ணினரும் எழுத்துக் கூட்டிப் படிப்போரும் எளிதில் படிக்கத்தக்க அச்சு அது. பாட்டி படிக்க, பேரப்பிள்ளைகள் சூழ அமர்ந்து கேட்க, உகந்த நூல்கள் அவை. புலவர் பெருமக்கள் இவற்றைப் பொருட்படுத்தாதது பற்றி நாம் வருந்த வேண்டுவதில்லை; குழந்தைகள் பொருட்படுத்தினர்.

அல்லியின் வேர் எங்குள்ளது? பாரதத்தில் தீர்த்த யாத்திரை சென்ற அர்ச்சுனன் சித்திராங்கதையை மணக்கிறான். வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகளாகவே பாடினார். ஆனால் அவள் தந்தையின் நிழலில் நிற்பவள். நாடு வென்றவள் அல்லள். சிறுமி அல்லிக்கு நெருங்கிய உறவினர் வேறிருவர் உளர். ஒருத்தி, திருவிளையாடற் புராணம் கூறும் தடாதகை. பிள்ளை வேண்டிப் பாண்டியன் இயற்றிய வேள்வித் தீயில் மூன்றாண்டுக் குழந்தையாய்த் தோன்றி, படைக்கலம் பயின்று, முடிசூடி, திசையனைத்தும் வென்றவள். மற்றொருத்தியைப் பற்றி நமக்குச் சொன்னவர் கிரேக்கர். கிறித்துவுக்கு முன் 300ஆம் ஆண்டினையொட்டி இந்தியா வந்த மெகஸ்தனீசைச் சான்றாகக் கொண்டு அர்ரியன் எழுதிய நூலில் பண்டையா என்னும் பெண் வருகிறாள். ஹெராக்ளிஸ் தன் ஒரே மகளான அவளுக்கு ஒரு நாட்டையும் 500 யானைகளையும் 4,000 குதிரை வீரர்களையும் 1,30,000 காலாட்களையும் அளித்தானாம். கடல்களையெல்லாம் தேடி முத்தெடுத்து அவளுக்கு அணிவித்தானாம். பாண்டிய நாட்டையும் அதன் முத்தையும் பற்றிய செய்தியே இவ்வாறு கிரேக்க உடை பூண்டது என்று அறிஞர் பலர் கருதுவர். எண்ணிக்கையை நம்ப வேண்டுவதில்லை. தெற்கே ஓர் இளம்பெண் ஆண்டாள் என்ற பேச்சு அவ்வளவு பழமையானது என்பதே நமக்கு வேண்டுவது.

பின் அச்சிறுமி எங்கே மறைந்தாள்? அவளை மறைத்தது மாலையின் பிற்பகுதிதான். பாம்பாட்டி வேடத்தில் கண்ணனும் பாம்பு உருவில் அர்ச்சுனனும் அல்லியின் மாளிகையில் நுழைகின்றனர். உறங்குகின்றவள் கழுத்தில் தாலி ஏறுகிறது. விழித்தெழுந்த அல்லி சினந்து போருக்கு எழுகிறாள் என்பதைப் பாடியவர் மறைக்கவில்லை. ஆயினும் இறுதியில் அவளைப் பணியவைத்தே மகிழ்கிறார். நாடக மேடைக்கு இப்பகுதியே இனித்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த மேடைகளில் அல்லியும் பவளக்கொடியும் பெரும்புகழ் பெற்றன. பாலர் கம்பெனிகளில் பெண் வேடங்களையும் சிறுவர்களே தாங்கினர். ஆண் முகம் பாராத அல்லியை ஓர் ஆண்பிள்ளை நடித்தது காலத்தின் குறும்பு! 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் தியாகராஜ பாகவதர் அறிமுகமான படமும் 'பவளக்கொடி'யே. நீண்முகனை வென்ற சிறுமிக்கு மேடையிலும் திரையிலும் காதல் காட்சியளவு இடம் கிடைக்கவில்லை.

பேச்சு வழக்கு இன்னும் ஒருபடி மேலே சென்றது. வீட்டில் ஒரு பெண் உரக்கப் பேசினால் 'அல்லி ராஜ்யம்' என்றும் 'அல்லி தர்பார்' என்றும் நகைக்கிறோம். கொடுங்கோலனை நீக்கி நீதி செய்தவளின் பெயரை அடக்கமின்மைக்கு அடையாளமாக்கிக் கொண்டோம். இவ்வூரில் வளரும் நம் பெண்கள் அல்லியின் கதையைக் கேளாமலே அவள் பெயரை ஏச்சாகக் கேட்டு வளர்கின்றனர் என்பதே நம் மனத்தை உறுத்துவது.

நாம் வாழும் இந்நிலத்திலும் இதனையொத்த கதை உண்டு. பெண்ணரசு நாட்டின் பிரமீளையை அர்ச்சுனன் மணந்தது தெலுங்கு மக்கள் நன்கறிந்தது; 1965இல் 'பிரமீளார்ஜுனீயம்' என்ற திரைப்படமாகவும் வந்தது. (அர்ச்சுனனுக்கு இஃது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது போலும்!) ஆனால் இங்கே கதையோடு வரலாறும் நிற்கிறது. காகதீய கணபதிதேவன் தன் மகள் ருத்ரமாவை அரசாள்வதற்கென்றே வளர்த்தான். 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட அவள், கல்வெட்டுகளில் ருத்ரதேவ மகாராஜா என ஆண்பெயராலும் குறிக்கப்பெற்றாள்.

அல்லியின் பெண்படை வெறுங்கற்பனை என்பார்க்கு ஐதராபாத்தே விடை கூறும். நிஜாம் அலி கான் (1762–1803) காலத்தில் 'ஸஃபர் பல்டன்' என்ற பெண்கள் படை இங்கே இருந்தது. சிப்பாய்களைப் போல் உடையணிந்து, துப்பாக்கி ஏந்தி, அந்தப்புரத்தைக் காத்தவர்கள் அவர்கள். 1795இல் மராட்டியருடன் நிகழ்ந்த கர்தா போருக்கும் சென்றனர். மாமா பருண், மாமா சம்பா என்னும் இரு பெண்மணிகள் தலைமை தாங்கினர். அப்போரில் நிஜாமுக்குத் தோல்வியே கிடைத்தது. எனினும் அப்பெண்கள் மற்றப் படைவீரரினும் தாழ்வாக நடந்துகொள்ளவில்லை என்று அக்காலத்து ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளனர். அவர்களை எவரும் பழமொழியாக்கி நகைத்ததாகத் தெரியவில்லை.

ருத்ரமாவுக்கு 1986இல் உசேன் சாகர் கரையில் சிலை எடுத்தனர். மாலையில் உலாவச் செல்லும் நம் பிள்ளைகள் அதனைக் காண்கின்றனர். அல்லிக்கென்று மக்கள் கைகாட்டும் இடம் கடல் கடந்து இலங்கையில், மன்னாரை அடுத்த அரிப்பில் இருக்கிறது. முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆங்கில ஆளுநர் ஃபிரெடரிக் நார்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை அது. கட்டியவர் பெயரை விட்டு, அவ்வூர்த் தமிழ் மக்கள் அதனை 'அல்லிராணி கோட்டை' என்றழைக்கின்றனர். கடலரிப்பில் சுவர்கள் ஒவ்வொன்றாய்ச் சரிந்து வருகின்றன. பெயர் மட்டும் நிற்கிறது.