ஜென்மப் பாவமும் வேலிக்கு வெளியே ஒரு குழிமேடும்

பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவன் முன்னால் மூன்று பாதைகள். ஒன்று ஹப்புத்தளைக்கு ஏறுகிறது. ஒன்று ஹல்துமுல்லை வழியே பலாங்கொடைக்கு இறங்குகிறது. மூன்றாவது கொஸ்லந்தைக்குப் போகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அந்த மூன்றாவது பாதையால்தான் நாங்களும் சோற்றுப் பார்சல்களோடு போனோம்.

அன்றும் அடுத்து வந்த நாட்களிலும் முகாமில் நான் அதிகம் கேட்ட சொல் "பாவம்". கோயில் பூசாரி ஒருவர் "எந்தப் பிறப்பில் செய்த பாவமோ" என்றார். நம்மவர் ஒருவர், இது காலத்தின் பாவத்துக்கு அல்லாஹ் தந்த எச்சரிக்கை என்றார். ஓர் உபதேசியார், ஆதித் தகப்பன் செய்த பாவத்தால் பூமியே சபிக்கப்பட்டது என்றார். அடுப்படியில் நின்ற ஒரு பெண் மூவரையும் பார்த்துக் கேட்டாள்: "சின்னப் புள்ளைங்க என்ன பாவம் செஞ்சிச்சுங்க?" யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

கிறிஸ்தவ உலகம் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக உடைக்கப் பார்க்கும் முடிச்சு அந்தப் பெண்ணின் கேள்விதான். அதன் வரலாற்றை எழுத வேண்டிய கடன் எனக்கு அதற்கும் முன்பே இருந்தது.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் என் அறைத்தோழன் பண்டாரவளைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த கத்தோலிக்கன். ஒரு விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அந்த வாரம் மீலாத் விழா. இளரத்தம், மேடையில் முழங்கினேன். பிறந்த குழந்தையையே பாவி என்று சொல்லும் மார்க்கமும் உண்டு, நம் மார்க்கமோ குழந்தையைத் தூய்மையானது என்கிறது என்றேன். நல்ல கைதட்டல். இரவு பாயில் படுத்திருந்தபோது அவன் சொன்னான்: "மச்சான், நீ சொன்னதைக் கேட்க எங்க அம்மாயி அங்கே இருக்கல்ல. நல்ல வேளை."

அவனுடைய அம்மாயிக்கு முதற்பிள்ளை ஐம்பதுகளின் கடைசியில் லயத்து அறையிலேயே பிறந்து, மூன்றாம் நாள் இறந்தது. சுவாமி மாதத்துக்கு ஒருமுறைதான் தோட்டத்துக்கு வருவார். ஆபத்து வேளையில் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சட்டம் இருந்தாலும், அந்த மழையிரவில் அது தெரிந்தவர் லயத்தில் இல்லை. பிள்ளையைச் சவக்காலை வேலிக்கு வெளியே, தேயிலைச் செடிகளின் ஓரத்தில் புதைத்தார்கள். யாரும் கொடுமைக்காகச் செய்யவில்லை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1239ஆம் பிரிவு, ஞானஸ்நானம் பெறாதவருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்றது. அம்மாயி பெரட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் நடையைச் சற்று நிறுத்துவாளாம்.

மேடையில் நான் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்ட காரியம் இது. அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் வியப்பளித்தது, ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில், அதாவது கனி உண்ட கதையில், "பாவம்" என்ற சொல்லே இல்லை என்பது. அது முதன்முதலாக வருவது அடுத்த அதிகாரத்தில், காயீனின் கதையில். யூதர்கள் இதே கதையைக் காலங்காலமாக ஓதி வருகிறார்கள். ஆயினும் பிறப்போடு ஒட்டிவரும் குற்றம் என்றொரு கோட்பாடு அவர்களிடம் உருவாகவில்லை. புனித பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில்தான் ஒரு மனிதனால் பாவமும் பாவத்தால் மரணமும் உலகில் நுழைந்தன என்ற கருத்து வலுப்பெறுகிறது. அங்கேயும் ஒரு சிக்கல். எல்லாரும் பாவம் செய்தபடியால் மரணம் எல்லாருக்கும் வந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்றொடரை லத்தீன் மொழிபெயர்ப்பு, "அவனுக்குள்" எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று பொருள் கொள்ளும்படி ஆக்கியது. ஒரு வேற்றுமை உருபு மாறினால் எத்தனை பேரின் தலையெழுத்து மாறுகிறது என்பதை இலக்கணம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த லத்தீன் வேதத்தைப் படித்தவர் அகுஸ்தீன். 354இல் இன்றைய அல்ஜீரியாவின் ஸூக் அஹ்ராஸில் பிறந்தவர். இன்று அன்னாபா எனப்படும் ஹிப்போவின் ஆயராக 430இல் இறந்தவர். பிற்காலத்தில் மாலிக்கி மத்ஹப் வேரூன்றிய அதே மண். அவரை நான் கடுமனம் படைத்தவர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க அந்த எண்ணம் நிற்கவில்லை. தம் ஒரே மகனை இளவயதில் பறிகொடுத்தவர் அவர். பால் குடிக்கும் குழந்தை, தன்னோடு பால் குடிக்கும் மற்றதைப் பார்த்துப் பொறாமையில் முகம் வெளிறியதைக் கண்டதாக எழுதுகிறார். குழந்தைகள் நோயில் துடிப்பதையும் கண்டார். இறைவன் நீதியுள்ளவன், நீதியுள்ளவன் குற்றமற்றவரைத் துன்புறுத்த மாட்டான், குழந்தையோ துன்புறுகிறது, ஆகவே குழந்தையிடமும் ஏதோ ஒரு குற்றம் இருக்க வேண்டும். தவிரவும், பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானத்தைத் திருச்சபை முன்பிருந்தே குழந்தைகளுக்கும் கொடுத்து வந்தது. பாவமே இல்லையென்றால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று கேட்டார். இங்கே வழக்கம் முந்தியது, கோட்பாடு பிந்தியது.

எதிர்த்து நின்றவர் பிரித்தானியாவிலிருந்து வந்த துறவி பெலாகியுஸ். 410இல் ரோம் சூறையாடப்பட்ட காலத்தில் ஆபிரிக்காவுக்கும் பின் பலஸ்தீனத்துக்கும் போனவர். ஆதாம் தமக்கே கேடு செய்துகொண்டார். பிள்ளைகளுக்குத் தீய முன்மாதிரியை விட்டுச்சென்றாரே தவிர, குற்றத்தைச் சொத்துப்போல எழுதிவைக்கவில்லை என்பது அவர் தரப்பின் வாதம். 415இல் பலஸ்தீன ஆயர் மன்றம் அவரை விடுவித்தது. 418இல் கார்த்தேஜ் சங்கம் அவருடைய போதனையைக் கண்டித்தது. அதன் பின்னும் எக்லானும் ஆயர் ஜூலியன் விடவில்லை. குழந்தைகளைத் தண்டிக்கும் ஒருவரைக் கடவுள் என்று எப்படி அழைப்பது என்ற பொருள்பட அகுஸ்தீனை அவரது சாவு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மேடையில் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொன்ன ஆட்சேபத்தை ஓர் ஆயர், இஸ்லாம் தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறார்.

கீழைத் திருச்சபைகள் அகுஸ்தீனைப் பின்பற்றவில்லை. ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் பலவீனமும். குற்றம் அவருடையதே என்பது அவர்கள் கொள்கை. மேலைத் திருச்சபைக்குள்ளும் அகுஸ்தீனின் முடிவு மனிதரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஞானஸ்நானமின்றி இறந்த குழந்தைக்கு மிக இலேசான தண்டனைதான் என்று அவரே இறங்கிவந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அபெலார்ட், தண்டனை என்பது இறைவனைக் காணாதிருப்பது மட்டுமே என்றார். பிறகு அக்குவினாஸின் தோமையார், அக்குழந்தைகள் துயரமறியாத ஓர் இயல்பான இன்பத்தில் இருக்கின்றன என்றார். சுவர்க்கமும் நரகமும் அல்லாத அந்த இடத்துக்கு லிம்போ என்று பெயர். லூத்தரும் கல்வினும் எதிர்த்திசையில் போய், மனித இயல்பே அடியோடு கெட்டது என்றனர். கத்தோலிக்கர் 1546இல் திரெந்து சங்கத்தில், பாவம் ஆதாமிலிருந்து வழிவழியாக வருகிறது, ஞானஸ்நானம் அதை நீக்குகிறது என்று வரையறுத்தனர். ஆனால் லிம்போவை அவர்கள் ஒருபோதும் விசுவாசக் கட்டளையாக்கவில்லை.

இந்தச் சரக்கு தமிழுக்கு வந்த கதை தனி. தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றே பாவத்தைப் பற்றியதுதான். முத்துக்குளித்துறைப் பரதவருக்காக ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1578இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்க"த்தை அச்சிட்டார். 1580இல் கொச்சியில் வந்தது "கொம்பெசியனாயரு"; பாவசங்கீர்த்தனம் செய்வோருக்கான கையேடு. மதுரையில் 1606 முதல் உழைத்த தத்துவ போதகர் ரொபர்ட் டி நொபிலி, மறுபிறப்பை மறுத்து "புனர்ஜென்ம ஆட்சேபம்" என்றொரு நூலே எழுதினார்.

அங்கேதான் சொல் காலை வாரியது. பிறப்போடு வருவதை "ஜென்மப் பாவம்" என்றும், தானே செய்வதைக் "கர்மப் பாவம்" என்றும் தமிழ்க் கிறிஸ்தவர் வழங்கலாயினர். ஜென்மம், கர்மம், இரண்டுமே மறுபிறப்பின் சரக்கறையிலிருந்து எடுத்த சொற்கள். எந்தக் கொள்கையை மறுத்தார்களோ அதன் உடையையே தங்கள் கொள்கைக்குப் போர்த்த வேண்டியதாயிற்று. ஜென்மப் பாவம் என்றதும் தோட்டத்துக் கிழவி ஒருத்தியின் காதில் விழுவது போன ஜென்மத்துப் பாவம். 1854இல் துரைமாரின் ஆதரவோடு தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனில் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் லயம் லயமாகப் போதித்தபோது, கேட்டவர்கள் எதை விளங்கிக்கொண்டிருப்பார்கள்? யோசித்துப் பார்த்தால் கேட்டவர்கள் முழுவதும் பிழையாகவும் விளங்கவில்லை. குற்றமற்ற பிள்ளை ஏன் துன்புறுகிறது என்ற ஒரே கேள்விக்குத்தான் அகுஸ்தீனும் விடை தேடினார், வினைக்கொள்கையும் விடை தேடியது. இரண்டும் குற்றத்தை அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முந்திய ஒரு காலத்தில் கொண்டுபோய் வைத்தன.

அதே தமிழில் அச்சொல்லுக்கு இன்னொரு உயிரும் உண்டு. அடிபட்ட ஆட்டுக்குட்டியைப் பார்த்தாலும் "ஐயோ, பாவம்" என்கிறோம். குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

எங்கள் பகுதி இத்தகைய விளக்கங்களுக்குப் பேர்போனது. பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரொஜர்ஸ், 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டவர் என்பார்கள். அவர் நினைவாக எழுந்ததே பதுளை புனித மாற்கு ஆலயம். உள்ளே கல்வெட்டு அவரைப் புகழ்கிறது. வெளியே சனங்கள் யானைப் பாவம் சும்மா விடுமா என்கிறார்கள்.

நமக்கு இந்தச் சிக்கல் இல்லை என்றுதான் நான் மேடையில் சொன்னேன். திருக்குர்ஆனின்படி நபி ஆதம் (அலை) அவர்களும் துணைவியாரும் இருவருமே சறுக்கினர், இருவருமே மன்னிப்புக் கேட்டனர், மன்னிக்கப்பட்டனர். ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது ஆறாவது சூராவிலும் வேறு இடங்களிலும் வருகிறது. நம்மூர் மரபோ அவர்கள் இறங்கிய இடத்தையே பாவா ஆதம் மலையாகக் காட்டுகிறது. 1344இல் இப்னு பதூதா அம்மலையில் ஏறினார்; அங்குள்ள சங்கிலிகளில் ஒன்றுக்கு ஷஹாதாச் சங்கிலி என்று பெயர் என எழுதினார். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, சீனத்திலிருந்து திரும்பிய பாப்பரசரின் தூதர் மரிஞொல்லி நம் கரையில் இறங்கினார். சுவர்க்கச் சோலை இங்கிருந்து நாற்பது மைல்தான், அதன் நீர் விழும் ஓசை கேட்கும் என்று ஊரார் சொன்னதை எழுதிவைத்தார். ஒரே மலை. நம்மவருக்கு அது மன்னிப்புக் கிடைத்த இடம், அவருக்கு மூடப்பட்ட தோட்டத்தின் வெளிவாசல்.

ஆனால் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டால் துன்பம் ஏன் என்ற கேள்வி முன்னிலும் கூர்மையாகிறது. முஃதஸிலாக்கள் இதில் தலையை உடைத்துக்கொண்டனர். துன்புற்ற குழந்தைக்கு மறுமையில் ஈடு உண்டு என்றனர். இமாம் அஷ்அரி தம் ஆசிரியர் ஜுப்பாயியிடம் மூன்று சகோதரர் பற்றிக் கேட்ட கதை பிரபலமானது. ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன், ஒருவன் குழந்தையாகவே இறந்தவன். எனக்கும் வாழ்வு தந்திருந்தால் நன்மை செய்திருப்பேனே என்று குழந்தை கேட்டால்? நீ வளர்ந்து கெட்டுப்போவாய் என்று அறிந்தே எடுத்தேன் என இறைவன் சொல்வான் என்றார் ஆசிரியர். அப்படியானால் என்னை ஏன் அவ்வாறு எடுக்கவில்லை என்று கெட்டவன் கேட்பானே என்றார் மாணவர். ஆசிரியரிடம் பதில் இல்லை. அன்றிலிருந்தே அஷ்அரி முஃதஸிலாக்களை விட்டு விலகினார் என்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு முன்னே என் உம்மாவுக்கு ஒரு பிள்ளை அழாமலே பிறந்தது. ஷாஃபி மத்ஹபில் உயிரின் அடையாளம் காட்டாத பிள்ளைக்கு ஜனாஸாத் தொழுகை இல்லை. கழுவி, கபனிட்டு, அடக்குவார்கள். அதற்கும் பாவத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். உம்மாவுக்குக் கேட்டது "தொழுகை இல்லை" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. அந்தப் பிள்ளை சுவர்க்கவாசலில் பெற்றோருக்காகக் காத்து நிற்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னபோது அவருக்கு அறுபது வயது.

1983ஆம் ஆண்டின் புதிய சட்டத்தொகுப்பு, ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்த குழந்தைக்கு, ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு உண்டு என்றது. 1992இன் கத்தோலிக்க மறைக்கல்வி நூல், ஜென்மப் பாவம் நாம் செய்த பாவமல்ல, நம்மைப் பற்றிய ஒரு நிலை என்று தெளிவுபடுத்தி, அக்குழந்தைகளை இறை இரக்கத்திடம் ஒப்படைத்தது. 2007 ஏப்ரலில் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு, பதினாறாம் ஆசீர்வாதப்பரின் ஒப்புதலோடு வெளியிட்ட ஆவணம், அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது.

பத்திரிகையில் அதைப் பார்த்ததும் நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் தோட்டத்துக்குப் போனோம். அம்மாயி லயத்து வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். கண் மங்கியிருந்தது. நண்பன் பக்கத்தில் குந்தி, காதருகே உரக்க, ரோமாபுரியில் பெரிய சாமிமாரெல்லாம் கூடிப் பேசியதை விளக்கினான். கிழவி கேட்டுக்கொண்டே விறகை அடுக்கினார்.

"இப்பதானா தம்பி அவுங்களுக்குத் தெரிஞ்சிச்சு?" என்றார். "நான் அன்னிக்கே மாதாகிட்ட குடுத்துட்டேனே."

பிறகு என் பக்கம் திரும்பி, துலுக்கத் தம்பிக்குப் பிளேன்டீ போடலாமா, நோன்பா என்று கேட்டார்.