செம்பரம்பாக்கத்தின் எண்கள்: எந்தக் கேள்விக்கு எந்தச் சான்று?

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. பூந்தமல்லிக்குத் தென்மேற்கே இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து முதல்நாள் இரவு விநாடிக்கு 29,000 கனஅடி நீர் வெளியேறியது. இந்த எண்களில் பெரிய சச்சரவு இல்லை. அப்போது சென்னையை மூழ்கடித்த வெள்ளத்தில் இவற்றுக்கு என்ன பொருள், அதற்கு யார் பொறுப்பு என்பதில்தான் விவாதம் இன்னும் தீராமல் இருக்கிறது. எந்தச் சான்றை நம்புவது என்ற கேள்வியை ஆராய, சென்னையின் மேற்குப் புறநகரில் இதைவிடத் தகுந்த களம் எனக்குத் தெரியவில்லை.

சான்றுகளின் நம்பகத்தைப் பற்றிப் பள்ளிகளிலும் பயிலரங்குகளிலும் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் ஒரு படிநிலை: அரசு ஆவணம் மேலே, அடுத்து நாளிதழ், எல்லாவற்றுக்கும் கீழே வாட்ஸ்அப். அன்றாடத் தேவைக்கு இது போதும். செம்பரம்பாக்கம் விஷயத்தில் இந்தப் படிநிலை நம்மைக் கைவிடுகிறது. ஏனென்றால் இங்கே மேல்படியில் இருப்பவர்களே ஒருவருக்கொருவர் முரண்படுகிறார்கள்.

முதலில் கீழ்ப்படியைப் பார்ப்போம். அந்த நாட்களில் ‘ஏரி உடைந்துவிட்டது’ என்ற செய்தி கைபேசிக்குக் கைபேசி பரவியது. கரை உடையவில்லை, மதகுகள் திறக்கப்பட்டிருந்தன. கரை உடைந்தால் வருவது கட்டுக்கடங்காத பாய்ச்சல். மதகு வழியே வருவது அளவு தெரிந்த நீர், அதைக் கூட்டலாம், குறைக்கலாம். இந்தச் செய்தி ஆவடியிலோ அம்பத்தூரிலோ இருப்பவருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வதந்தியைச் சோதிக்க எந்த அதிகாரியையும் தொலைபேசியில் அழைக்க வேண்டியதில்லை. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் குன்றத்தூர், திருநீர்மலை வழியாக அடையாற்றுக்குப் போகிறது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குப் போகும். ஆவடியின் பருத்திப்பட்டு ஏரியின் உபரி கூவம் ஆற்றைச் சேரும். ஆக, அம்பத்தூர்க்காரர் பயப்பட வேண்டியது தன் பக்கத்து ஏரிக்குத்தான். தன் ஊர் நீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று தெரிந்தவருக்குப் பாதி வதந்தி வாசலிலேயே நின்றுவிடும். தகவல் அறிவு என்று நாம் பேசுவதில் இந்த உள்ளூர் அறிவுக்கு இடமே தரப்படுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

இனி மேல்படி. வெள்ளம் வடிந்ததும், அதே டிசம்பரில், அன்றைய தலைமைச் செயலாளர் கு. ஞானதேசிகன் பெயரில் அரசு விளக்கம் வெளியானது. மழை வரலாறு காணாதது, திறப்பு விதிப்படி படிப்படியாக நடந்தது, எச்சரிக்கையும் விடப்பட்டது என்றது அது. இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏரியில் கொள்ள இடமிருந்த நிலையிலும் விநாடிக்கு 29,000 கனஅடியைத் தொடர்ந்து 21 மணி நேரம் வெளியேற்றியதைக் குறையாகச் சுட்டி, இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றது அந்த அறிக்கை. இதற்கிடையே 2016இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை ஐஐடி, மும்பை ஐஐடி அறிஞர்கள் சேர்ந்து ஒரு விரைவு மதிப்பீடு செய்தார்கள். அடையாற்றில் அன்று ஓடிய நீரில் செம்பரம்பாக்கத்தின் பங்கைவிட, மற்ற ஏரிகளிலிருந்தும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்தும் வந்த பங்கே மிகுதி என்பது அவர்கள் கண்டது.

இவற்றுள் எது உண்மை என்று கேட்டால் பதில் கிடைக்காது. தணிக்கையாளர் கேட்ட கேள்வி, நிர்வாகம் தன் கடமையைச் சரிவரச் செய்ததா என்பது. அறிஞர்கள் கேட்டது, ஆற்றில் வந்த நீர் எங்கிருந்து வந்தது என்பது. நிர்வாகம் தவறியிருக்கலாம், தவறாதிருந்தாலும் வெள்ளம் வந்திருக்கலாம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க இடமுண்டு. தணிக்கை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஏரியைத் திறந்ததால்தான் சென்னை மூழ்கியது’ என்று முழங்குகிறவரும், அறிஞர் மதிப்பீட்டைக் காட்டி ‘யார்மேலும் தவறில்லை’ என்று கைகழுவுகிறவரும், ஒரு கேள்விக்கு எழுதிய விடையை வேறொரு கேள்விக்குப் பொருத்துகிறார்கள். அரசு விளக்கத்தின் நிலை வேறு. அங்கே விளக்கம் தருபவரும் விளக்கம் தரக் கடமைப்பட்டவரும் ஒரே தரப்பு. அதற்காக மட்டுமே அதைத் தள்ளிவிட முடியாது. எந்த மணிக்கு எவ்வளவு திறக்கப்பட்டது என்பதற்கு முதல் பதிவு அந்தத் தரப்பிடம்தான் இருக்கிறது. பதிவை எடுத்துக்கொண்டு, அதன்மேல் கட்டிய தீர்ப்பைத் தனியே எடைபோட வேண்டும்.

அலகுகளில் ஏற்படும் குழப்பமும் சிறியதல்ல. ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. முழு ஆழம் 24 அடி. திறப்பு விநாடிக்கு இத்தனை கனஅடி. கொள்ளளவு, ஆழம், வேகம் என்ற மூன்றும் செய்திகளில் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கணக்கு எளியது: விநாடிக்கு 29,000 கனஅடி என்றால் மணிக்கு ஏறத்தாழ 104 மில்லியன் கனஅடி. புதிய நீர் வராவிட்டால், நிரம்பிய ஏரி இந்த வேகத்தில் காலியாக 35 மணி நேரம் ஆகும். எட்டாம் வகுப்பு மாணவர் போடக்கூடிய பெருக்கல் இது. ‘ஒரு மணி நேரத்தில் ஏரி முழுவதும் ஊருக்குள் வந்துவிடும்’ என்ற பேச்சை இந்தப் பெருக்கல் ஒன்றே அடக்கிவிடும்.

நம்பத்தகுந்த செய்தி எப்படி இருக்கும் என்பதற்கும் இதே ஏரியில் எடுத்துக்காட்டு உண்டு. 2020 நவம்பர் 25 அன்று, நிவர் புயலின்போது, ஏரியின் நீர்மட்டம் 22 அடியை எட்டியதால் பகல் 12 மணிக்கு விநாடிக்கு 1,000 கனஅடி திறக்கப்பட்டது. காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பட்டு, திருநீர்மலை என்று நீர் போகும் வழியிலுள்ள ஊர்களுக்கு எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. மட்டம், மணி, அளவு, வழி என நான்கும் அதில் இருந்தன. குன்றத்தூரில் கால்வாய் ஓரம் நிற்பவர் நீர் வரும் நேரத்தையும் வழியையும் கண்ணால் சரிபார்க்கலாம். பொய்யாக இருந்தால் அன்றே வெளுத்துவிடும். இப்படிச் சோதனைக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் செய்தியே நம்பிக்கைக்கு உரியது என்பேன். அதை வெளியிடுவது அரசா, தனியாரா என்பது அடுத்த கேள்வி. வானிலையைக் கணித்துச் சொல்லும் பிரதீப் ஜான் போன்ற தனிநபர்மேல் மக்கள் நம்பிக்கை வைப்பதற்கும் இதே காரணம்தான்: ரேடார் படத்தையும் மழை அளவையும் முன்னால் வைத்துவிட்டுத்தான் அவர் தன் கணிப்பைச் சொல்கிறார்.

சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம், மழை ஆகியவற்றைச் சென்ற ஆண்டு அதே நாளின் இருப்போடு சேர்த்து நாள்தோறும் அட்டவணையாக வெளியிடுகிறது. அருமையான பணி, கோடையில் அது போதும். 2015 டிசம்பர் 1 போன்ற நாளில், காலைக் கணக்கு மாலைக்கு உதவாது. வாசகரைப் பார்த்து ‘ஆராய்ந்து நம்பு’ என்று சொல்வதற்கு முன், ஆராய்வதற்கு உரியதை அவர் கையில் தர வேண்டும். மழைக்காலத்தில் மணிக்கணக்கிலான வரத்தும் வெளியேற்றமும், நீர் போகும் வழியின் வரைபடத்தோடு, பூந்தமல்லி, குன்றத்தூர் நூலகங்களின் அறிவிப்புப் பலகைகளில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். அந்த டிசம்பர் இரவின் மணிக்கணக்குப் பதிவேட்டின் ஒரு பிரதியும் அங்கே இருக்க வேண்டும்.