கோலி எப்படி உள்ளே போச்சு?



கோலி சோடாவைப் பார்த்துவிட்டுப் பேத்தி கேட்ட கேள்விதான் தலைப்பு. வகுப்பில் நீங்களும் கேட்டதுதான்.

சோடா வந்த புதிதில் தக்கைதான் மூடி. தக்கை காய்ந்து சுருங்கினால் வாயு கசிந்துவிடும். அதனால் நிற்கவே முடியாத முட்டை வடிவப் பாட்டில் செய்து, படுக்கவைத்தே விற்றார்கள். தக்கை நனைந்தபடியே இருக்குமல்லவா! 1870களின் தொடக்கத்தில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மூடியைப் பாட்டிலுக்குள்ளேயே வைத்து, வாயுவையே காவலுக்கு நிறுத்திவிட்டார். கழுத்தை அகலமாக விட்டுக் கோலியைப் போட்டபின், வாயைச் சூடாக்கிக் குறுக்குவார்கள். உள்ளே ஒரு ரப்பர் வளையம். பேத்திக்குப் பதில் இவ்வளவுதான்.

அடைப்பதுதான் வேடிக்கை. பாட்டிலை இரும்புக் கூண்டில் பூட்டி, வாயு ஏற்றி, தலைகீழாகச் சுற்றுவார்கள். கோலி வாய்ப்பக்கம் உருண்டுவர, வாயு அதை ரப்பரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கூண்டு எதற்கு என்றால், பாட்டில் சிலசமயம் வெடிக்கும். எங்கள் ஊர் சோடாக்காரர் முன்கையில் நீளமாக ஒரு தழும்பு உண்டு.

விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் பெரிதாக வளர்ந்தது. ஊருக்கு ஊர் இருந்த சின்ன சோடாக் கடைகள் அப்படி வளரவில்லை. அவர்களுக்குச் சரக்கு தண்ணீரும் வாயுவும். போட்ட முதல் எல்லாம் பாட்டிலில்தான். அந்தச் சோடாக்காரர் மகன் என் மாணவன். பள்ளி விட்டதும் பெட்டிக்கடை பெட்டிக்கடையாகப் போய்க் காலிப் பாட்டிலை எண்ணி வாங்கி வருவான். கழித்தல் கணக்கு அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கோலிக்காகப் பாட்டிலை உடைத்தவர்களும் அதே வகுப்பில்தான் இருந்தார்கள் (பெயர் சொல்லமாட்டேன், படித்துக்கொண்டிருக்கிறீர்கள்!). பொதுக்கூட்டத்தில் கலாட்டா என்றால் பறப்பதும் சோடா பாட்டில்தான். உடைந்ததற்கு மாற்றுப் பாட்டில் உத்தரப் பிரதேசத்துக் கண்ணாடி ஆலைகளிலிருந்து வரவேண்டும்.

கோகோ கோலா 1993இல் திரும்பி வந்ததும் கோலி சோடா போய்விட்டது என்பார்கள். எனக்கென்னவோ அதைவிட, திருப்பிக் கொடுக்க வேண்டாத பிளாஸ்டிக் பாட்டில்தான் காரணம் என்று தோன்றுகிறது. காலிப் பாட்டிலை எண்ணிக்கொண்டு யார் அலைவார்கள்? 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, வெளிநாட்டுக் குளிர்பானம் விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது உள்ளூர் சோடாவை மறுபடி தேடினார்கள். எங்கள் ஊர்க் கடை அதற்குள் மூடியாகிவிட்டது.

உங்கள் ஊரில் அந்தக் கூண்டு இயந்திரம் எங்காவது கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுமுன் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பேத்திக்குக் காட்டவேண்டும்.