ஒரே ஊர், மூன்று மாவட்டம்: சிங்காரப்பேட்டை குடும்பங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஆவணங்களைத் தேடுவது எப்படி?

நிலப் பத்திரத்தில் 'சேலம் ஜில்லா'. அப்பாவின் பள்ளிச் சான்றில் 'தர்மபுரி மாவட்டம்'. பிள்ளையின் ஆதாரில் 'கிருஷ்ணகிரி மாவட்டம்'. மூன்றும் ஒரே ஊர்தான்.

ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வட்டாரத்தில் முன்னோரைப் பற்றித் தேடும் பலர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். 'பழைய ரெக்கார்டு எதுவும் இல்லை' என்று கைவிடுவதற்கு முன், அது வேறு மாவட்டம், வேறு ஆண்டு, வேறு எழுத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். எங்கே, எப்படித் தேடுவது?

இப்போது ஏன் முக்கியம்?

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தத்தில், 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தங்கள் பேரோ பெற்றோர் பேரோ இருக்கிறதா என்று பலரும் தேட வேண்டியிருந்தது. இருபது வருஷத்துப் பதிவைத் தேடவே திணறியவர்களுக்கு, 80 வருஷத்துக்கு முந்தைய பதிவு இன்னும் கடினம். வாரிசுரிமை, பூர்வீக நிலம், சாதிச் சான்று என ஏதாவது ஒரு கட்டத்தில் 'தாத்தாவோட அப்பா பேரு என்ன, எந்த ஊரு?' என்ற கேள்வி வந்தே தீரும்.

எந்த ஆண்டுக்கு எந்த மாவட்டம்?

* 1965 அக்டோபர் 2 வரை: சேலம்
* 1965 முதல் 2004 பிப்ரவரி வரை: தர்மபுரி
* 2004 பிப்ரவரி 9 முதல்: கிருஷ்ணகிரி

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ராஜாஜி. 1878ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் அவர் பிறந்தபோது அது சேலம் மாவட்டம். 1972ல் அவர் மறைந்தபோது தர்மபுரி மாவட்டம். இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். புத்தகங்கள் மூன்று விதமாகச் சொன்னாலும் ஊர் ஒன்றுதான்.

தாலுகா எல்லைகளும் மாறியிருக்கின்றன. ஊத்தங்கரைப் பக்கத்து ஊர்களின் பழைய ஆவணங்களில் அரூர் தாலுகா என்று வரலாம். ஊர் பேரும் 'சிங்காரபேட்', 'சிங்காரப்பேட்டா' என்று மாறி மாறி எழுதப்பட்டிருக்கலாம். கன்னட, தெலுங்கு வழக்கு கலந்த எல்லைப் பகுதி என்பதால் முனுசாமி, முனிசாமி, முனிசாமப்பா மூவரும் ஒரே ஆளாக இருக்க வாய்ப்புண்டு. பேரை மட்டும் பார்க்காமல் அப்பா பேரு, ஊர், நிலம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் வீட்டுப் பெட்டி

அலுவலகத்துக்குப் போகும் முன், வீட்டில் உள்ளதை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். பத்திரம், கிஸ்தி ரசீது, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு, கடிதம், மணியார்டர் ரசீது, எல்லாமே பயன்படும். மொய் நோட்டைப் பலர் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு யார் யார் சொந்தம், யார் எந்த ஊரில் இருந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடைப்பது கஷ்டம்.

ஆண்டு போடாத காகிதமா?

பழைய ஜாதகத்திலும் பத்திரத்திலும் 'தாது வருஷம்' என்று மட்டும் இருக்கும். தமிழ் ஆண்டு 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்றால் 1876-77, 1936-37, 1996-97 மூன்றில் ஒன்று. தாத்தா பிறந்ததாகச் சொல்லும் தாது எது என்று மற்ற தடயங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உதவும் தடயங்கள் இவை:

* ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருடம், ௹ ரூபாய். தொகையும் தமிழ் எண்களில் இருக்கலாம்.
* முத்திரைத்தாளில் எந்த மன்னர் தலை இருக்கிறது என்று பாருங்கள். ஏழாம் எட்வர்டு ஆட்சி 1901-1910, ஐந்தாம் ஜார்ஜ் 1910-1936, ஆறாம் ஜார்ஜ் 1936க்குப் பிறகு. மன்னர் மாறிய பிறகும் பழைய தாள் கொஞ்ச நாள் புழங்கியிருக்கலாம்.
* அணா, பைசா கணக்கு. ஒரு ரூபாய்க்கு 100 காசு என்ற முறை 1957 ஏப்ரல் 1ல் வந்தது. கணக்கு அணாவில் இருந்தால் அநேகமாக அதற்கு முந்தையது.

அதிகம் கிடைப்பது சார்பதிவாளர் அலுவலகத்தில்

பழைய கிரயப் பத்திரம் நிலக் கணக்கு மட்டும் இல்லை. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், இருவரின் அப்பா பேரு, ஊர், சாதி, தொழில் எல்லாம் முதல் பத்தியிலேயே இருக்கும். எதற்காக விற்றார்கள் என்பதும் இருக்கும்: மகள் கல்யாணம், பழைய கடன், மாடு வாங்கியது. நான்கு எல்லை சொல்லும்போது பக்கத்து நிலத்துக்காரர் பேரும் வந்துவிடும். பல நேரம் அவர் பங்காளிதான்.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பொதுவாக 1975க்குப் பிறகான விவரத்துக்கே கிடைக்கும். அதற்கு முந்தையதை அலுவலகத்தில் மனு கொடுத்துத்தான் தேட வேண்டும். 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்களின் 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதில் ஒரு அட்டவணை ஆட்களின் பேர் வாரியாக இருக்கும். சர்வே எண் தெரியாவிட்டாலும் பேரை வைத்துத் தேடலாம். பதிவு செய்த உயில் தனிப் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலைக் கேட்கலாம்.

பட்டாவில் தாத்தா பேரு இல்லையே?

தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகள் மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊரில் 'யூ.டி.ஆர்.' என்பார்கள். அப்போது அனுபவத்தில் இருந்தவர் பேரில் பட்டா மாறியது, சர்வே எண்ணும் பல இடங்களில் மாறியது. இன்றைய சிட்டாவில் கொள்ளுத்தாத்தா பேரு இல்லாததற்கு இது ஒரு காரணம். யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலையும், பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலையும் தாலுகா அலுவலகத்தில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு செய்யலாம்.

1980 நவம்பரில் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. அதற்கு முன் கணக்கு வைத்திருந்தவர்களின் குடும்பத்தினரிடம் ஊர் நினைவுகளாவது மிச்சம் இருக்கும். 1950களில் கட்டிய கிருஷ்ணகிரி அணைக்கோ, பிறகு வந்த ஓசூர் சிப்காட்டுக்கோ நிலம் கொடுத்த குடும்பம் என்றால், நில எடுப்பு அறிவிக்கையிலும் இழப்பீட்டு ஆணையிலும் நில உரிமையாளர் பேரு இருக்கும்.

பள்ளிக்கூடப் பதிவேட்டையும் விட வேண்டாம். சேர்க்கைப் பதிவில் அப்பா பேரும் பிறந்த தேதியும் இருக்கும். தேதி தோராயமாக எழுதியதாக இருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டும் இதற்கு உதவாது. 1948ஆம் ஆண்டு சட்டப்படி தனிநபர் விவரத்தை யாரும் பார்க்க முடியாது.

போட்டோ என்ன சொல்லும்?

போட்டோவில் முகத்தை மட்டும் பார்த்தால் போதாது. முதலில் அட்டையின் அடிப்பகுதியையும் பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டுடியோ பேரும் ஊரும் அங்கேதான் இருக்கும். படம் பெங்களூரிலோ கோலாரிலோ எடுத்திருந்தால், தாத்தா வேலைக்குப் போன இடம் அதுவாக இருக்கலாம். பின்னால் தொங்கும் திரை, நாற்காலி, தரை விரிப்பு ஒரே மாதிரி உள்ள இரண்டு படங்களை ஒப்பிட்டால், ஒன்றின் காலத்தை வைத்து இன்னொன்றின் காலத்தை ஊகிக்கலாம். கையில் உள்ள கடிகாரம், மேசையில் உள்ள டிரான்சிஸ்டர் எல்லாம் அந்தப் படம் எதற்கு முன் எடுத்திருக்க முடியாது என்று காட்டும். ஆனால், ஸ்டுடியோவில் கடிகாரமும் கோட்டும் இரவலாகக் கொடுப்பது உண்டு. அதை வைத்து வசதியான குடும்பம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைச் சேகரித்து டிஜிட்டல் ஆக்கும் பணியை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் படம் வரலாற்று ஆவணமும்கூட என்பதற்கு இது ஒரு சான்று.

செய்யக்கூடாதவை:

* கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
* பத்திரத்தையோ போட்டோவையோ லேமினேஷன் செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது.
* ஏஐ செயலியில் 'தெளிவாக்கிய' படத்தை அசலாக நினைக்காதீர்கள். தெரியாத கண்ணையும் மூக்கையும் அது ஊகித்து வரைகிறது. அசலின் ஸ்கேன் தனியாக இருக்கட்டும்.

போட்டோவின் பின்னால் எழுதியது கோர்ட்டில் நிற்குமா?

நிற்க வாய்ப்பு உண்டு. குடும்பப் படத்திலோ கல்லறையிலோ வம்சாவளிக் குறிப்பிலோ, இறந்துபோன ஒருவர் உறவுமுறை பற்றி எழுதி வைத்தது, அந்த உறவு குறித்துத் தகராறு வருவதற்கு முன் எழுதியதாக இருந்தால், சாட்சியமாக எடுத்துக்கொள்ள 1872 சாட்சியச் சட்டத்திலேயே இடம் இருந்தது. 2024 ஜூலை 1ல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இது தொடர்கிறது. 30 வருஷத்துக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டிய இடத்தில் இருந்து வந்திருந்தால், அதன் கையெழுத்தை உண்மையென நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

அதனால் பழைய எழுத்தின் மேல் புதிதாக எழுதவோ திருத்தவோ கூடாது. நீங்கள் கண்டுபிடித்ததைத் தனித் தாளில், தேதி போட்டு எழுதுங்கள்.

பாட்டி பேரு எங்கே?

பட்டா, கிஸ்தி ரசீது, வரி என எதிலும் பெரும்பாலும் ஆண்கள் பேர்தான். பாட்டி 'இன்னார் மனைவி' என்றே வருவார். சில குடும்பங்களில் மூன்றாம் தலைமுறையிலேயே அவர் பேரு மறந்துபோகிறது.

ஆனால் சில ஆவணங்களில் பெண்கள் பேரு தவறாமல் கிடைக்கும். மகளுக்கு எழுதிக் கொடுத்த தான செட்டில்மென்ட், கணவர் இறந்த பிறகு பிள்ளைகளுக்குக் கார்டியனாக நின்று கைநாட்டு வைத்த கிரயம், விடுதலைப் பத்திரம், சர்ச் ஞானஸ்நானப் பதிவு, குலதெய்வக் கோயில் உபயக் கல் ஆகியவற்றில் பாருங்கள். பாட்டியின் பிறந்த ஊரிலும் தேட வேண்டும். பேரு தெரிந்துவிட்டால், பேரில்லாத போட்டோவில் நிற்பவர் யார் என்பதும் தெரியவரும்.

ஊரை விட்டுப் போனவர்கள்

கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே பிறந்தவர்களின் பிறப்பு, பள்ளிப் பதிவு கோலார் பக்கம்தான் இருக்கும். ஊத்தங்கரையில் தேடினால் கிடைக்காது.

உலகப் போர்களில் இறந்த வீரர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். இரண்டு போர்களிலும் சேர்த்து சுமார் 17 லட்சம் பேரின் விவரம் அதில் உள்ளது. இந்திய வீரர்கள் பலருக்கு அப்பா பேரும் ஊரும் குறிக்கப்பட்டிருக்கும். அதில் 'கிருஷ்ணகிரி' என்று மட்டும் தேடி நிறுத்தாதீர்கள், 'சேலம்' என்றும் தேடுங்கள்.

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் சுமார் 1 லட்சத்து 52 ஆயிரம் பேர். பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். கப்பல் பட்டியலில் அப்பா பேரு, வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், மச்சம் வரை எழுதியிருக்கிறார்கள். மொரீஷியசுக்குச் சென்றவர்களின் பதிவுகளும், 19ஆம் நூற்றாண்டில் எடுத்த அவர்களின் படங்களும் மோகா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

எதிலிருந்து தொடங்கலாம்?

அலுவலகப் பதிவேடு இன்னும் பத்து வருஷம் இருக்கும். 85 வயது அத்தைப்பாட்டியின் ஞாபகம் அதுவரை காத்திருக்காது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பழைய போட்டோக்களை அவர் முன் வைத்து, 'இது யாரு, எந்த ஊரு, யாருக்கு என்ன முறை' என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, செல்போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். பேரும் ஊரும் தெரிந்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால், எந்த வருஷத்து அட்டவணையைக் கேட்பது என்று தெரிந்திருக்கும்.