ஒரு வருடம், ஒன்பது மாதம், ஐந்து நாள்

நண்பனின் மகனுக்கு ஞானஸ்நானம். பாதிரியார் மூன்று முறை தலையில் தண்ணீர் ஊற்ற, குழந்தை வீறிட்டு அழுதது. "விசுவசிக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு, பேசத் தெரியாத பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் "விசுவசிக்கிறேன்" என்றார்கள். பந்தியில் நண்பனிடம் கேட்டேன்: "பொறந்து மூணு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள என்னடா பாவம் பண்ணியிருக்கும், கழுவறதுக்கு?"

"ஜென்மப் பாவம்டா" என்று சொல்லிவிட்டு, பக்கத்து இலைக்குப் பிரியாணி வைக்கப் போய்விட்டான்.

என் கேள்வி புதிதில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் இதையேதான் கேட்டார். மாசற்ற வயதுக்குப் பாவமன்னிப்பில் என்ன அவசரம்? வளரட்டும், கற்றுக்கொள்ளட்டும், பிறகு வரட்டும் என்பது அவர் வாதம். சிறு பிள்ளைகளின் ஞானஸ்நானம் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் தெளிவான குறிப்பு இதுதான். அதுவே ஓர் எதிர்ப்பு! எதிர்க்கிறார் என்றால் அப்போதே சிலர் செய்துகொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

அதற்கு முன்னால்? கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் நேரடியாக ஓர் இடமும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் லீதியாளும் அவள் வீட்டாரும், பிலிப்பி சிறைக்காவலனும் அவன் வீட்டாரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அந்த 'வீட்டாரில்' குழந்தைகள் உண்டா இல்லையா என்பது உட்பட, யோவாகிம் எரேமியாஸ், குர்ட் ஆலண்ட் என்ற இரண்டு ஜெர்மானிய அறிஞர்கள் 1950, 60களில் புத்தகத்துக்குப் புத்தகம் மோதிக்கொண்டார்கள். மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகன், இது அப்போஸ்தலர்களிடமிருந்தே வந்த வழக்கம் என்கிறார். ஆனால் ஆரம்பகாலச் சபை ஒழுங்கு நூலான திதாக்கே, ஞானஸ்நானம் பெறுபவர் ஒன்றிரண்டு நாள் முன்பே உபவாசம் இருக்கவேண்டும் என்கிறது. கைக்குழந்தையை மனதில் வைத்து எழுதிய விதி மாதிரி தெரியவில்லை.

இந்த வாதங்களையெல்லாம் விட என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு கல்லறை வாசகம். ரோமில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையைச் சேர்ந்தது, மூன்றாம் நூற்றாண்டு. ஃபுளோரென்டியுஸ் என்பவர் தன் மகன் அப்ரோனியானுசுக்கு வைத்த கல். பையன் வாழ்ந்தது ஒரு வருடம், ஒன்பது மாதம், ஐந்து நாள். அவன்மேல் உயிரையே வைத்திருந்த பாட்டி, இனி பிழைக்கமாட்டான் என்று கண்டதும், அவன் விசுவாசியாக இந்த உலகை விட்டுப் போகவேண்டும் என்று சபையிடம் கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தி. கல்லின் தொடக்கத்தில் பழைய ரோமானிய வழக்கப்படி முன்னோர் ஆவிகளுக்கான வணக்கம் இருக்கிறது. அப்பா இன்னும் பழைய மதத்திலேயே இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். அவள் இன்குபேட்டரில் இருந்தபோது அம்மா முந்தானையில் திருநீறு முடிந்து கொண்டுவந்தாள். குழந்தைக்குப் பூசக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். கண்ணாடிக்கு வெளியே ஒரு கீற்று இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்றேன். "சும்மா உக்காந்திருக்க முடியுதா?" என்றாள். அப்ரோனியானுசின் பாட்டியைப் படித்தபோது அந்தக் குரல்தான் காதில் கேட்டது.

ஆராய்ச்சியாளர் எவரெட் ஃபெர்குசன் இந்த மாதிரிக் கல்லறை வாசகங்களைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வருகிறார். அவற்றில் பல குழந்தைகளின் ஞானஸ்நானம் சாவுக்குச் சற்று முன்புதான் நடந்திருக்கிறது. ஆகவே இது சாகக்கிடக்கும் பிள்ளைகளுக்கான அவசர ஏற்பாடாகத் தொடங்கி மெல்லப் பொது வழக்கமாகியிருக்கும். 253 வாக்கில் கார்த்தேஜில் கூடிய 66 ஆயர்கள், விருத்தசேதனம் மாதிரி எட்டாம் நாள்வரை காத்திருக்கவேண்டியதில்லை என்றார்கள். 381இல்கூட நாசியான்சின் கிரகோரி, ஆபத்து இல்லையென்றால் மூன்று வயது வரட்டுமே என்கிறார். அகஸ்தீனின் கதையும் இதேதான். சிறுவனாக இருந்தபோது வயிற்றுவலியில் சாகக்கிடந்தார், ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு நடந்தது. பிழைத்துக்கொண்டார், தள்ளிப்போட்டார்கள். கடைசியில் 387இல் மிலான் நகரில், தன் பதின்வயது மகனோடு சேர்ந்து பெற்றார்.

அதே அகஸ்தீன்தான் பின்னாளில் பெலாகியுசின் தரப்போடு மோதும்போது வாதத்தைத் திருப்பிப் போட்டார். ஞானஸ்நானம் பாவமன்னிப்புக்கானது. சபை குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கிறது. அப்படியானால் குழந்தைகளிடம் பாவம் இருந்தாகவேண்டும். அது ஆதாமிடமிருந்து வந்தது. 418இல் கார்த்தேஜ் சங்கம் இதை உறுதிசெய்தது. எங்கள் தொழிலில் இது சகஜம். ராத்திரி இரண்டு மணிக்கு சிஸ்டம் விழாமல் இருக்க யாரோ ஓர் ஒட்டுவேலை செய்திருப்பார். பல வருடம் கழித்து வருபவர், இது இங்கே இருக்கிறதென்றால் காரணம் இருந்தாகவேண்டும் என்று அதற்கு ஒரு டிசைன் டாகுமென்ட் எழுதுவார். அதன்பிறகு அதை யாரும் தொட முடியாது.

அந்த ஆவணத்தின் விலையைக் கொடுத்தது பெற்றவர்கள்தான். ஞானஸ்நானம் இல்லாமல் சாகும் குழந்தைக்கு மிக இலேசான தண்டனையாவது உண்டு என்றார் அகஸ்தீன். இடைக்காலம் அதைக் கொஞ்சம் இளக்கி, வலியும் இல்லாத கடவுள் தரிசனமும் இல்லாத 'லிம்போ' என்று ஓர் இடத்தைக் கொடுத்தது. ஆனாலும் அந்தக் குழந்தைகளுக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. சுவிட்சர்லாந்தின் ஓபர்பூரன் சிற்றாலயத்துக்கு இறந்து பிறந்த சிசுக்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கனலருகே கிடத்திச் சூடாக்கி, உதட்டில் ஓர் இறகை வைத்துப் பார்ப்பார்கள். இறகு அசைந்தால் உயிர் வந்ததாகக் கணக்கு. உடனே ஞானஸ்நானம், பிறகு அடக்கம். 1990களின் அகழாய்வில் அங்கே சுமார் 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. ஒரு பாட்டியின் ஆறுதலாக இருந்தது, ஆயிரம் வருடத்தில் தாய்மார்களின் பயமாகிவிட்டது.

2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளும் மீட்கப்படுவார்கள் என்று நம்ப இடமுண்டு என்று சொன்னது. ஓபர்பூரன் சிசுக்கள் தோண்டி எடுக்கப்பட்டு ஏறத்தாழப் பத்து வருடம் கழித்து.

நண்பனிடம் நான் கேட்டது நியாயமான கேள்விதான், இப்போதும் அதை வாபஸ் வாங்கமாட்டேன். ஆனால் அன்று கோயிலில் நான் கவனிக்கத் தவறியது அந்த "விசுவசிக்கிறேன்". பேச முடியாத ஓர் உயிருக்காக இன்னொருவர் வாய்திறந்து கேட்பது. பாவம் பற்றிய விளக்கங்கள் எல்லாம் வருவதற்கு முன்னால் அங்கே இருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். ரோமின் அந்தக் கல்லில் மகன் பெயர் இருக்கிறது, அப்பா பெயர் இருக்கிறது. பாட்டியின் பெயரை யாரும் வெட்டி வைக்கவில்லை.